கொல்லிப் பாவை: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட இம்மலையின் பெயரைக் கேட்டவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் தோன்றுவது கொல்லிப் பாவையே. கண்டாரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பெண்ணுருவம் என்பதே இன்று அதற்குப் பெருவழக்காய் உள்ள பொருள். சங்கச் சான்றோர் கருதியதும் இதுதானா என்பதைத் தெளிய, 'பாவை' என்னும் பொதுச்சொல்லை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பாவை என்பது அடிப்படையில் உருவம், பொம்மை என்னும் பொருளது. மலையாளத்தில் 'பாவ' என்னும் சொல் இன்றும் பொம்மையைக் குறிக்கும். சங்க மகளிர் மணலிலும் கோரைப் புல்லிலும் பாவை செய்து விளையாடினர். நெடுநல்வாடை, யவனர் செய்த பாவை ஒன்று விளக்கேந்தி நின்றதைக் காட்டுகிறது. நாணமற்றவரின் இயக்கத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர் (1020). பாவை நோன்பின் வழியே இச்சொல் இலக்கிய வகையின் பெயராகவும் வளர்ந்தது. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாடல்களும், மணிவாசகரின் திருவெம்பாவை இருபது பாடல்களும் கொண்டவை.

கண்ணின் கருமணியில் தோன்றும் உருவமும் பாவையே. எதிரில் நிற்பவரின் சிற்றுருவம் அங்கே தெரிவதால் இப்பொருள் பிறந்தது எனலாம். பிற மொழிகளும் இவ்வாறே கண்டுள்ளன. இலத்தீன் மொழியில் 'பியூபில்லா' என்பது சிறுமியையும் கண்மணியையும் குறிக்கும். கிரேக்கக் 'கோரே'யும் வடமொழிக் 'கனீனிகா'வும் அத்தகையனவே. ஆங்கிலத்தில் மாணாக்கரையும் கண்மணியையும் 'பியூப்பில்' என்னும் ஒரே சொல் குறிப்பதற்கும் இலத்தீன் வேரே காரணம். தெலுங்கில் 'பாப' என்பது குழந்தை. 'கண்டிபாப' என்பது கண்மணி. தொலைதூர மொழிகளும் கண்ணுக்குள் ஒரு சிறுமியையே கண்டிருக்கின்றன.

இனிக் கொல்லிப் பாவையைக் காண்போம். அதனை ஆக்கியவர் யார் என்பதில் புலவர்கள் ஒருபடித்தாகக் கூறவில்லை. அகநானூற்றில் கல்லாடனார் (209) கடவுள் ஆக்கியது என்பார். குறுந்தொகையில் பரணர் (89) தெய்வம் வரைந்தது என்பார். நற்றிணையின் 192ஆம் பாட்டு பூதம் அமைத்தது என்னும். நற்றிணையின் 201ஆம் பாட்டில் பரணரே அதனை இயற்கைப் பாவை என்கிறார். காற்று மோதினும், மழை கடுகினும், இடி வீழினும், நிலமே அதிரினும் அதன் அழகிய உருவம் அழிவதில்லை. அப்பாவை போன்றவள் தன் நெஞ்சை விட்டு நீங்காள் என்பது தலைவன் கூற்று. வள்ளுவர் காட்டும் தலைவனோ, காதலிக்கு இடம் வேண்டிக் கண்மணியிலுள்ள பாவையைப் போகச் சொல்கிறான் (1123). ஒரு பாவை நீங்காமையால் காதலுக்கு உவமையாகிறது; மற்றொரு பாவை காதலுக்காக இடம்விட வேண்டியதாகிறது.

நற்றிணை 192 இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இளவெயிலில் தோன்றும் பாவை அன்ன தலைவியின் நலத்தை நினைந்து வந்தால், கொடுவிலங்கு திரியும் மலைவழியும் தனக்குப் பாதுகாப்பாகும் என்கிறான் தலைவன். இங்கே பாவை உயிரைப் பறிப்பதன்று, காப்பது.

அங்ஙனமாயின் கொலை எங்கிருந்து வந்தது? பரணர் கொல்லியை அச்சம் மிக்க மலை என்பது உண்மையே. ஆயினும் அவ்வச்சம் மலைக்கு உரியது. நற்றிணை 185இல் பாவை போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்தாள் எனத் தலைவன் நோகிறான். அது காதல் கைகூடாதவனின் புலம்பல். அங்கே கொல்பவள் தலைவி, பாவையன்று. சிரிப்பும் அசுரரும் இப்பாட்டுகளில் இல்லை. சிலப்பதிகாரத்தில் அவுணர் ஒழியத் திருமகள் ஆடியதாகக் கூறப்படும் கூத்தின் பெயரும் 'பாவை'. மலைப்பெயரில் ஒலிக்கும் 'கொல்' என்னும் வேரும், காதலனின் புலம்பலும், அவுணரை ஒழித்த கூத்தும் காலப்போக்கில் ஒன்றுகலந்து கதையாகியிருத்தல் கூடும். 1915இல் வெளிவந்த நற்றிணைப் பதிப்பில் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரை வழியாக அக்கதை கற்றோரிடையே நிலைபெற்றது.

உவமையாய்ப் பிறந்தது கதையாய் இறுகும்போது பொருள் சுருங்கிவிடுகிறது. அழியா அழகுக்கும் வழித்துணைக்கும் நின்ற ஒரு பெண்ணுருவம் ஆடவரைக் கொல்லும் பொறியாகச் சுருங்கியது இவ்வாறே. 1970களில் தோன்றிய, கவிஞர் ராஜமார்த்தாண்டன் பெயரோடு இணைந்த சிற்றிதழ் 'கொல்லிப்பாவை' என்னும் பெயரையே தாங்கியது. கவிஞர்களை இச்சொல் விடாது ஈர்ப்பதற்கு அது சான்று. மலையிலோ எட்டுக்கை அம்மனையே கொல்லிப் பாவை என்று கூறி வழிபடுகின்றனர். அவர்களுக்கு அவள் காக்கும் தாய். நற்றிணைத் தலைவன் இரவுவழியில் நினைந்த பாவைக்கு, உரைகளின் கதையைவிட இவ்வழிபாடே நெருக்கமானது. இனி அச்சொல்லை எடுத்தாளும் கவிஞர், கொலைக்கு முன்னே காப்பு இருந்ததை நினைவிற் கொள்வது நன்று.