கிழங்கு வந்த வழி – 9: பொன்னிறப் பொட்டு

போன வாரம் ஊட்டியில், விஜயநகரம் பண்ணையில் வாடி நின்ற உருளைச் செடிகளுக்கு முன்னால் ஜோன்ஸை நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அவர் பிடுங்கப்போகும் செடியின் வேரில் என்ன இருந்தது என்பது பாதிக் கதைதான். அது அந்த மலையில் ஏன் அவ்வளவு சுகமாகக் குடியிருந்தது என்பது மீதிக் கதை. அதைப் புரிந்துகொள்ள மலையை விட்டு இறங்கி எங்கள் பக்கம் வரவேண்டும்.

மேலநீலிதநல்லூர்க் கரிசலில் உளுந்து வரும், பருத்தி வரும், மக்காச்சோளம் வரும். உருளைக்கிழங்கு வராது. விதைத்தால் செடி வேண்டுமானால் தழைக்கும். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் நிற்கிற ஊரில் கிழங்கு இறங்காது. அதற்காக நாங்கள் தின்னாமல் இருக்கிறோமா? கல்யாணமோ கோயில் கொடையோ, பெரிய பந்தி என்றால் உருளைக்கிழங்கு இல்லாமல் ஒப்பேறாது. அத்தனையும் மூட்டையில் வந்து இறங்குவதுதான்.

சங்கரன்கோவில் காய்கறிக் கடைகளில் பல நாள் இரண்டு குவியல் இருக்கும். ஒன்றில் செம்மண் அப்பியிருக்கும், ஊட்டிக் கிழங்கு. மற்றது வெளுத்து, பார்வைக்குச் சுத்தமாக, வடக்கேயிருந்து லாரியில் வந்தது. அனுபவப்பட்ட பந்திச் சமையல்காரர் எப்படி வாங்குகிறார் என்று பாருங்கள். கட்டைவிரலை அழுத்தித் தோலைத் தள்ளுவார். மெல்லிய தோல் சுருண்டு வந்தால் புதுக்கிழங்கு. வராவிட்டால் ஒன்றை வெட்டி, கடையிலேயே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். இனித்தால் சாம்பாருக்கு. வறுவலுக்கு வேண்டாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். இனிக்கிற கிழங்கு எண்ணெயில் பொன்னிறமாக வராமல் கறுக்கும், கடைசியில் கசக்கும். ரசாயனம் படிக்காமலே அவர் செய்கிற சோதனை இது. சிப்ஸ் தொழிற்சாலைகளில் இதையே கருவி வைத்துச் செய்கிறார்கள்.

கிழங்கு இனிப்பது குளிரால். 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்தால் கிழங்கு முளைக்காது, சீக்கிரம் அழுகாது. ஆனால் உள்ளே இருக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கு மெல்ல மெல்லச் சர்க்கரையாகிவிடும். சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்தச் சர்க்கரை கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து கறுக்கும். வெளியே எடுத்து இரண்டு மூன்று வாரம் சாதாரண வெப்பத்தில் ஆறவிட்டால் சர்க்கரை ஓரளவு குறையும். அவ்வளவு பொறுமை எந்த மண்டிக்கு இருக்கிறது?

பிறகு எதற்கு அவ்வளவு குளிரில் வைக்கிறார்கள்? காலண்டரைப் பார்த்தால் தெரியும்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் கிழங்குக்குப் பேர்போனது. அங்கே செப்டம்பர், அக்டோபரில் தோண்டுகிறார்கள். தோண்டி முடித்த கையோடு குளிர்காலம் வந்துவிடுகிறது. மண் அணைத்த பெரிய கொட்டகைகளில் குவித்து, கிழங்குக்கு அடியில் வெளிக்காற்றை அளவாக விட்டாலே பல மாதம் தாங்கும். இயற்கையே சம்பளமில்லாமல் கிடங்கைக் குளிர்விக்கிறது. ஐடஹோவின் ஜே.ஆர்.சிம்ப்லாட் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு உலர்த்திய கிழங்கு விற்றார், பிறகு உறைய வைத்த வறுவல் துண்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், 1960-களில் மெக்டொனால்டு கடைகளுக்கே அனுப்ப ஆரம்பித்தார். இதெல்லாம் அவருடைய சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஆலைக்குக் கிழங்கு தட்டாமல் கிடைத்ததில் அந்த ஊர்ப் பனிக்கும் பங்குண்டு.

நம் நாட்டில் கதை தலைகீழ். ஆக்ராவிலும் வங்காளத்து ஹூக்ளியிலும் மாசி, பங்குனியில் கிழங்கு வெளியே வருகிறது. அடுத்து வருவது சித்திரை. நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் குவிந்து, அப்படியே அக்கினி வெயிலின் வாயில் விழுகிறது. காப்பாற்ற வேண்டுமானால் கரண்ட் செலவழித்து மார்கழியை உள்ளே உண்டாக்க வேண்டும். அதுதான் அங்கெல்லாம் சாலையோரம் ஜன்னலே இல்லாமல் நிற்கும் பெரிய பெரிய கட்டடங்கள். வசதியுள்ளவன் மூட்டையை உள்ளே ஏற்றி விலைக்குக் காத்திருக்கிறான். இல்லாதவன் வயலிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். உருளை விலை ஒரு வருஷம் ஏறி மறு வருஷம் சரிவதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். இந்தக் காலண்டர்க் கோளாறுதான் எனக்கு முதல் காரணமாகப் படுகிறது.

இந்தக் கோளாறு தீண்டாத மலை ஒன்று தெற்கே இருந்தது.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறியதையும், ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளையையும் அங்கே ஊன்றவைத்ததையும் நாலாம் அத்தியாயத்தில் பார்த்தோம். துரைமார் தட்டுக்கென்று வந்த கிழங்கு சில தலைமுறைக்குள் படுகர்களின் பணப்பயிராகிவிட்டது. ராகியும் சாமையும் விளைந்த சரிவுகளில் உருளை ஏறியது. மாட்டு வண்டியில் குன்னூர் மலைப்பாதை வழியாக மூட்டைகள் இறங்கின. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் மலை ரயில் வந்தது. 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் பிறந்தது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் தென்னாட்டின் கிழங்குச் சந்தையானது. இன்றைக்கும் அங்கே 45 கிலோ மூட்டைக்குத்தான் விலை பேசுவார்கள். மூட்டை அவிழும், கிழங்கு தரவாரியாகப் பிரியும், ஏலம் போகும், இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் மதுரை, திருநெல்வேலி என்று லாரிகள் கிளம்பும்.

இத்தனை வியாபாரத்துக்கும் நீலகிரியில் ஆக்ராவைப் போலப் பெரிய கிடங்குகள் தேவைப்படவில்லை. காரணம், மூன்று போகம். சித்திரை வாக்கில் போடுவது கார்போகம். ஆவணியில் கடைபோகம். தை, மாசியில் பள்ளத்தில் தண்ணீர் பாய்ச்சிப் போடுவது நீர்போகம். ஒன்று மூட்டையாகி இறங்கும்போது அடுத்தது மண்ணுக்குள் பருத்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் கிழங்கை அடைத்து வைக்கக் கட்டடம் தேடினார்கள். நீலகிரிக்காரர் மண்ணிலிருந்தே வருஷம் பூராவும் எடுத்துக்கொண்டிருந்தார். குளிரில் கிடந்து இனிக்காத, வறுத்தால் கறுக்காத புதுக்கிழங்கு. ஊட்டிக் கிழங்குக்கு நம் சமையல்காரர்கள் கூடுதல் காசு கொடுத்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

மண்ணுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. வருஷத்தில் எந்த மாதம் பார்த்தாலும் மலையில் எங்காவது ஓர் உருளை வேர் உயிரோடு இருந்தது.

சரி, ஜோன்ஸைக் காத்திருக்க வைத்தது போதும்.

எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்து நூற்புழு நிபுணர். ஆண்டு 1961. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வயலில் ஒன்றுமே இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குட்டை விழுந்து, அடியிலை மஞ்சளித்து, நடுப்பகலில் தலை தொங்கி நிற்கும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று எந்த விவசாயியும் நினைத்துக்கொள்கிற தோற்றம். செடியைக் கை வைத்து இழுக்காமல், மண்ணோடு பெயர்த்து, மெதுவாக உதிர்த்து, வேரை வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். சன்னமான வேரில் கசகசாவில் பாதி அளவுக்குப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். சில வெள்ளை. சில பழுப்பு. சில பளிச்சென்று பொன்னிறம்.

ஜோன்ஸுக்கு அந்த நிறம் பழக்கமானது. அவருடைய சொந்த நாட்டு உருளை வயல்களைத் தின்றுகொண்டிருந்ததும் அதே புழுதான். உருளை முட்டைக்கூடு நூற்புழு. உருளை பிறந்த ஆண்டிஸ் மலைதான் அதற்கும் பிறந்த வீடு.

ஒவ்வொரு பொட்டும் ஒரு பெண் புழு. தலையை வேருக்குள் புதைத்துச் சாற்றை உறிஞ்சி, உடம்பு உருண்டையாக ஊதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வெள்ளையாக இருக்கிற உடம்பு பொன்னிறமாகும், பிறகு பழுப்பாகும், பிறகு செத்துப்போகும். கதை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. செத்த உடம்பின் தோல் இறுகிக் கூடாகிறது. உள்ளே 200 முதல் 500 முட்டை. வேரிலிருந்து உதிர்ந்து மண்ணில் கலந்த அந்தக் கூடு 20 ஆண்டுக்கு மேல்கூடக் காத்துக் கிடக்கும். பக்கத்தில் ஓர் உருளை வேர் வந்து அதன் கசிவு மண்ணில் பரவினால் போதும், முட்டைகள் பொரியும். கிடங்கே இல்லாத மலையில் உண்மையான கிடங்கு வைத்திருந்தது புழுதான். கரண்டும் வேண்டாம், வாடகையும் வேண்டாம்.

மூன்று போகம் போட்ட மலை அதற்கு வருஷத்தில் மூன்று முறை கதவைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு 20 ஆண்டு முன்பே அமெரிக்கா இதே பாடத்தைப் படித்திருந்தது. 1941-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், ஹிக்ஸ்வில் என்ற ஊரின் கிழங்கு வயலில் இதே புழு. முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ராணுவத் தளவாடங்களில் ஒட்டிய மண்ணோடு வந்திருக்கலாம் என்று சொன்னார்கள். 1948-ல் அந்தப் புழுவின் பெயரிலேயே அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. டிராக்டர் ஒரு பண்ணை விட்டு இன்னொரு பண்ணைக்குப் போவதானால் மண் போகக் கழுவ வேண்டும். கிழங்கு அடைத்த சாக்கை மறுபடி அடைக்கக் கூடாது. ஒரு நாடே சாக்குக்குக் கணக்குக் கேட்ட கதை அது. விதையில் மட்டுமில்லை, கிழங்கில் ஒட்டிய மண்ணிலும், வண்டிச் சக்கரத்திலும், செருப்பிலும் கூடு பயணம் போகும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கண்ணோடு மேட்டுப்பாளையத்தைப் பாருங்கள். அவிழ்க்கிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஊட்டி மண் தரையில் கொட்டுகிறது. காலிச் சாக்கு உதறப்பட்டு இன்னொரு சுமைக்குப் போகிறது. கிழங்கோ கேரளத்துக்கும் எங்கள் கரிசல் காட்டுக்கும் போகிறது. எங்கள் பக்கம் பயமில்லை. மண் சூட்டில் அந்தப் புழு தாங்காது, தாங்கினாலும் தின்ன உருளை வேர் கிடையாது. பயமெல்லாம் விதைக்கிழங்கைப் பற்றித்தான். நீலகிரி விதை இன்னொரு குளிர்ந்த மலையில் போய் ஊன்றினால்?

அடுத்த பத்தாண்டு மலையில் ஒரு போரே நடந்தது. மண் மாதிரி எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். தேடத் தேட வயல்கள் கூடின. அதே புழுவின் பங்காளி இனம் ஒன்றும் அகப்பட்டது. மண்ணுக்கு மருந்து போட்டார்கள். மருந்து தொட்ட இடத்தில் புழு குறைந்தது, தொடாத ஆழத்தில் கூடு கிடந்தது. உருளையை விட்டுவிட்டுச் சில வருஷம் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு போடுங்கள் என்றார்கள். நல்ல யோசனைதான். அரை ஏக்கரில் குடும்பம் நடத்துகிறவரிடம் சில வருஷம் பொறு என்று சொல்வது மேடையில் நிற்கிறவருக்குச் சுலபம். பலர் பொறுக்கவில்லை. இன்னும் பலர் உருளைக்கே கும்பிடு போட்டுவிட்டுத் தேயிலை நட்டார்கள். 1962-ல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்திருந்தது. பச்சை இலைக்கு வாரம் தவறாமல் காசு. நீலகிரிச் சரிவுகள் நிறம் மாறியதற்குப் புழு மட்டும் காரணமில்லை, ஆனால் புழுவுக்குப் பெரிய பங்குண்டு.

1971-ல் அரசின் தடையாணை வந்தது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது. தின்கிற கிழங்கு இறங்கலாம், ஊன்றுகிற கிழங்கு இறங்கக் கூடாது. தென்னாட்டுக்கு விதை கொடுத்த மலைக்கு ஒரே தாளில் பூட்டு விழுந்தது.

இனி மலை விதை என்றால் வடக்கேதான். சிம்லா பக்கம், 1956-லிருந்து மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் காவல் இருக்கும் இமாசல மலை. குஃப்ரி ஜோதி, குஃப்ரி சிந்தூரி என்று நாட்டின் ரகங்களுக்கெல்லாம் தன் ஊர்ப் பெயரைக் கொடுத்த குஃப்ரி அங்கேதான் இருக்கிறது. அந்த மலை சுத்தம் என்று எல்லோரும் நம்பினார்கள். நீலகிரிப் பூட்டே அப்படிப்பட்ட மலைகளைக் காப்பாற்றத்தானே!

நாற்பத்தேழு வருஷம் கழித்து, 2018-ல், டெல்லியிலிருந்து இன்னோர் ஆணை கிளம்பியது. அதே புழு. அதே விதைக்கிழங்குத் தடை. இந்த முறை பூட்டு விழுந்த மலைகளின் பட்டியலைப் படித்தவர்கள் இரண்டாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்கள். அதில் இருந்த ஒரு மாநிலத்தின் பெயர்…

(தொடரும்)