கோழியின் பையும் குழந்தையின் தைமஸும்

நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் கோழிக்குஞ்சுகள் கொத்தாகச் சாகத் தொடங்கினால், இறந்த குஞ்சை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எச்சத் துவாரத்துக்கு மேலே இருக்கும் சின்னப் பையைத் தவறாமல் பார்ப்பார். அது வீங்கி ரத்தம் கட்டியிருந்தால் ‘கம்போரோ’ என்ற சந்தேகம் வலுக்கும். அந்த நோயைத் தரும் வைரஸ் குறிவைப்பது அந்தப் பையைத்தான். பை கெட்டுவிட்டால், பிழைத்த குஞ்சுக்கு அடுத்தடுத்துப் போடும் மற்ற தடுப்பு மருந்துகளும் சரியாகப் பிடிக்காது. இன்று பண்ணைக்காரர்களுக்கும் தெரிந்த இந்தச் செய்தி 1950-கள் வரை விஞ்ஞானிகளுக்கே தெரியாது.

பையின் பெயர் ஃபாப்ரீசியஸ் பர்சா. இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ் அதைப் பற்றி எழுதியது, அவர் மறைந்த பிறகு 1621-இல் அச்சேறியது. சேவலின் விந்தைப் பெட்டைக்கோழி சேர்த்து வைக்கும் இடம் அது என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் சரியான பதில் கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர், குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. குஞ்சுகள் தின்றன, வளர்ந்தன. இதற்கிடையில் சக மாணவர் டிமோத்தி சாங்குக்கு ஒரு வகுப்புக்காகக் கோழிகள் தேவைப்பட்டன. சால்மொனெல்லா கிருமிப்பொருளை ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும் என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். கிளிக்கின் கோழிகளை வாங்கிப் பயன்படுத்தினார். சிலவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லை. எந்தக் கோழிகள் என்று தேடிப் பார்த்தால், பர்சா எடுக்கப்பட்டவை! வகுப்பு கெட்டது, எதிர்ப்பொருளின் பிறப்பிடம் தெரிந்தது. புகழ்பெற்ற ‘சயின்ஸ்’ இதழ் கட்டுரையை ஏற்கவில்லை. 1956-இல் அது கோழி வளர்ப்பியல் இதழ் ஒன்றில் வெளியானது. மனித நோய்களை ஆராய்ந்தவர்கள் அந்த இதழைப் புரட்டுபவர்கள் அல்லர் என்பதால், அதன் அருமை வெளியே தெரியச் சில ஆண்டுகள் பிடித்தன.

மனிதனின் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியின் கதை இதைவிடத் துயரமானது. முன்பெல்லாம் சவ அறுவைக்கு வந்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பசியிலும் நெடுநாள் நோயிலும் அவர்களுடைய தைமஸ் சுருங்கிப் போயிருந்தது. அந்தச் சுருங்கிய அளவையே மருத்துவர்கள் இயல்பானது என்று பாடமாகப் படித்தார்கள். நன்றாக உண்டு வளர்ந்த குழந்தை திடீரென இறந்தபோது, அதன் தைமஸ் பெரிதாகத் தெரிந்தது; அதுதான் மூச்சை அடைத்தது என்று முடிவு கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், குறிப்பாக அமெரிக்காவில், ஆரோக்கியமான குழந்தைகளின் தைமஸைச் சுருக்க எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. ஏழைகளின் பட்டினியை அளவுகோலாகக் கொண்டதற்குக் குழந்தைகள் கொடுத்த விலை இது.

1961-இல் லண்டனில் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்தார். தாய்ப்பால் மறந்த பின் அவை மெலிந்து, நோய்ப்பட்டு இறந்தன. ரத்தத்தில் லிம்போசைட் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. வேற்றின எலியின் தோலை ஒட்டினால்கூட உடல் அதை உதறித் தள்ளவில்லை. தன்னுடையது எது, அந்நியம் எது என்று அறியும் திறனே அவற்றுக்கு இல்லை.

இரண்டு நூல்களையும் முடிச்சிட்டவர் மேக்ஸ் கூப்பர். 1965-இல் மின்னசோட்டாவில், அப்போதுதான் பொரித்த குஞ்சுகளில் ஒரு கூட்டத்துக்குப் பர்சாவையும் மறு கூட்டத்துக்குத் தைமஸையும் நீக்கி, ஏற்கெனவே உடலில் பரவிவிட்ட செல்களைக் கதிர்வீச்சால் அழித்தார். பர்சா இழந்தவற்றுக்கு எதிர்ப்பொருள் இல்லை. தைமஸ் இழந்தவை அந்நியத் தோலை எதிர்க்கவில்லை. பர்சாவில் விளைவது பி செல், தைமஸில் பயில்வது டி செல் என்ற பகுப்பு இப்படித்தான் பிறந்தது. மனிதருக்குப் பர்சா கிடையாது. அந்த வேலையை எலும்பு மஜ்ஜை செய்கிறது. தைமஸின் பயிற்சியோ மிகக் கடுமை. உள்ளே நுழையும் செல்களில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. சொந்த உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே ஒழிக்கப்படுகின்றன.

இன்னொரு வியப்பும் காத்திருந்தது. ஜப்பானில் மூன்று நாள் வயதான எலிகளின் தைமஸை எடுத்தபோது எதிர்ப்பு குறையவில்லை. மாறாக அது உடலின் சொந்த உறுப்புகளைத் தாக்கியது. அடக்கி வைக்கும் செல்களும் தைமஸிலிருந்தே வர வேண்டும் என்று ஊகித்த ஷிமோன் சகாகுச்சி, 1995-இல் அவற்றை அடையாளம் காட்டினார். 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் கிடைத்தது.

கடைகளில் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று எழுதி விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் இந்த வரலாற்றின் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். கூட்டுவது மட்டுமே நன்மை என்றால் மூட்டுவாதமும் முதல் வகை நீரிழிவும் நோய்களே ஆகா. அவை எதிர்ப்பு அடங்காததால் வருபவை. இந்த எதிர்ப்பு அமைப்புக்குத் தேவை உணவு, ஓய்வு, தடுப்பூசி தரும் பயிற்சி. ஊட்டம் குறைந்த குழந்தையின் தைமஸ் இன்றும் சுருங்குகிறது. ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துப் பார்த்ததில், நன்றாகத் தூங்கியவர்களுக்கு உருவான எதிர்ப்பொருளில் பாதிகூட அவர்களிடம் இல்லை என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. தட்டம்மை இன்னும் மோசம். தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளிடம், அது மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்ந்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை துடைத்தெடுத்ததை 2019-இல் கண்டறிந்தார்கள்.

பண்ணையில் கம்போரோ மருந்தைக் குஞ்சு பொரித்த அன்றே போடாமல், பெரும்பாலும் இரண்டு வாரம் பொறுத்துப் போடுகிறார்கள். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்பொருள் அதுவரை குஞ்சின் உடலில் இருந்து, மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அரசு மருத்துவமனைகளில் தட்டம்மைக்கான முதல் ஊசியை ஒன்பது மாதம் முடிந்த பிறகு போடுவதற்கும் இதுவே காரணம்.