கறுப்புக்கொடி கட்டிய கம்பஸ்

போன மாதம் இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் கொஞ்சப் பேர் ஒரு வீட்டில் கூடினோம். ஊரில் படிக்கிற வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பதற்கு ஒரு நிதியம் தொடங்குகிற கதை. காசுக் கதை அரைமணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. நிதியத்துக்கு ஆருடைய பெயரை வைப்பது என்பதில்தான் மூன்று மணித்தியாலம் போனது. வித்தியானந்தன், துரைராஜா என்று இரண்டு பெயர் வந்தபோது எல்லாருக்கும் சம்மதம். "கைலாசபதியின்ர பேரையும் போடுவம்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் உடனே எழும்பிவிட்டார். "அந்தாள் சிறிமாவின்ர ஆள். அந்தப் பேர் எண்டால் என்ர காசு இல்லை."

நான் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. 1974 ஐப்பசி 6ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா திருநெல்வேலிக்கு வந்து யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்த நாளில் எங்கள் ஒழுங்கையில் கறுப்புக்கொடி கட்டின பெடியளில் நானும் ஒருவன். அம்மாவின் பழைய குடைச்சீலையைக் கிழித்துத்தான் கட்டினோம். "இந்தக் கம்பஸுக்குள்ள கால் வைக்கமாட்டன்" என்று சபதமும் எடுத்தேன்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. என் அண்ணன் பொறியியலுக்குப் போக வேண்டியவர், அவர் எடுத்த புள்ளி காணாமல் போனது. அதே 1974 தை மாதம் யாழ்ப்பாணத்தில் நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. கடைசி நாளான 10ஆம் திகதி பொலிஸ் புகுந்து குழப்பியதில் 9 பேர் செத்தார்கள். அந்த இரத்தம் காய்ந்து ஒன்பது மாதம்தான். அதோடு, தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் என்றால் அது திருகோணமலையில் வரவேண்டும் என்பது தமிழரசுக் கட்சியின் நெடுநாள் கோரிக்கை. அதைக் கொடுக்காமல், இராமநாதன் 1921இல் தொடக்கிய பரமேசுவராக் கல்லூரிக் கட்டடத்தையும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியையும் எடுத்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது வளாகம் என்று பெயர் வைத்தால் ஆர் சந்தோசப்படுவான்? பிச்சை என்றுதான் எங்களுக்குப் பட்டது. அந்தப் பிச்சையைக் கொண்டுவந்தவராகத் தெரிந்தவர் அதன் முதல் தலைவர், பேராசிரியர் க. கைலாசபதி.

சபதம் ஒரு வருசம்கூட நிற்கவில்லை. அடுத்த முறை எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கம்பஸ்தான். நான் கட்டின கொடியின் கீழால் நானே உள்ளே போனேன்.

கைலாசபதிக்கு அப்போது நாற்பத்தொரு, நாற்பத்திரண்டு வயதுதான். தினகரன் ஆசிரியராக இருந்தவர், பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தவர், இடதுசாரி. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் உள்ளே போன பிறகுதான் அவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று விளங்கியது. ஒரு கல்லூரியின் பழைய கட்டடத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவது லேசில்லை. கதிரை மேசைக்கும் இடத்துக்கும் தட்டுப்பாடு. ஆனால் ஆட்களை அவர் தேடிப்பிடித்தார். வரலாற்றுக்கு கா. இந்திரபாலா இருந்தார். சிங்களத் துறையும் இருந்தது. 1977இல் வந்த "பொன்மணி" என்ற தமிழ்ப் படத்தை இயக்கிய தர்மசேன பத்திராஜ எங்கள் கம்பஸில் படிப்பித்தவர் என்று இப்போது சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகள் நம்பமாட்டினம். 1975இல் இராமநாதன் இசைக்கழகமும் வளாகத்தோடு சேர்ந்தது.

இன்னொன்று, சிங்கள மாணவர்கள். என்னுடைய வகுப்புக் காலத்தில் தின்னவேலியில் வீடுகளில் அறை எடுத்து அவர்கள் இருந்தார்கள். குருநாகல் பக்கத்துப் பெடியன் ஒருவன் எனக்குச் சிநேகிதன். நான் அவனுக்குத் தமிழ் எழுத்துப் பழக்கினேன், அவன் எனக்குச் சிங்களம் பழக்கினான். ஒரே கொப்பியில் இடப்பக்கம் அவனுடைய எழுத்து, வலப்பக்கம் என்னுடையது. 1977 ஆவணிக் கலவரத்தோடு அவர்களைத் தெற்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அவர்கள் திரும்பி வரவில்லை. அந்தக் கொப்பி என்னிடம்தான் கிடந்தது. அதே நேரத்தில் ஆட்சியும் மாறி, கைலாசபதியின் தலைமையும் முடிந்தது. அவர் பேராசிரியராக அங்கேயே தொடர்ந்து படிப்பித்து 1982 மார்கழியில், 49 வயதில் காலமானார். சிறிமாவின் ஆள் என்றால் சிறிமா போனவுடன் அவரும் போயிருக்கலாமே?

அவருடைய அரசியலோடு எனக்கு அன்றைக்கும் உடன்பாடில்லை, இன்றைக்கும் முழு உடன்பாடில்லை. ஆனால் ஒரு தலைவரால் ஒரு கம்பஸின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பதை நான் முதலில் கண்டது அவரிடம். எங்களுக்கு எது சாதாரணமாகப் படவேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். சிங்களவனோடு ஒரே வாங்கில் இருந்து படிப்பது அந்த மூன்று வருசமும் எங்களுக்குச் சாதாரணமாக இருந்தது.

அடுத்து வந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1974 மாநாட்டைக் கொழும்பிலே வைக்கச்சொல்லி அரசு நெருக்கியபோது யாழ்ப்பாணத்தில்தான் என்று நின்றவர். ஆகவே எங்களுக்கு அவர் வரும்போதே வீரர். 1978ஆம் ஆண்டின் சட்டத்தோடு 1979 தை 1இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக, அவர் துணைவேந்தரானார். அதற்கு முதல் வருசமே மருத்துவபீடம் தொடங்கியிருந்தது. அண்ணனைப்போல இடம் கிடைக்காமல் போன எத்தனையோ பேருடைய தம்பி தங்கைகள் அங்கே டொக்டரானார்கள்.

ஆனால் அவர் பெயர் சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கூத்துத்தான். பேராதனையில் 1960களில் "கர்ணன் போர்", "இராவணேசன்" என்று நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியவர். மட்டக்களப்புக் கிராமத்து வட்டக்களரியில் ஆடுவதை, வெள்ளைக்காரப் பாணியில் கட்டின பல்கலைக்கழகத்தில் ஆடலாம் என்று காட்டியவர். அந்த எண்ணம் யாழ்ப்பாணத்திலும் நின்றது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் "மண் சுமந்த மேனியர்" நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனபோது, நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில் நிலத்தில் இருந்து பார்த்தேன். பல்கலைக்கழகம் ஊருக்குள் வருகிறது என்பது எங்களுக்குப் புதிது.

அவருடைய காலம் லேசான காலமில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 83 ஆடிக்குப் பிறகு தெற்கில் படித்த தமிழ் மாணவர்கள் திரும்பிப் போகப் பயந்தார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் இடம் கேட்டு 1984 தையில் மாணவர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களைப் புலிகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. கம்பஸின் தலைமை இனித் துணைவேந்தரின் அறையில் மட்டும் இல்லை. சட்டப்படி அவரை நியமிப்பது கொழும்பில் இருக்கிற சனாதிபதி. வாசலில் நிற்பது இயக்கம். நடுவில் மாணவர் சங்கம். இந்த மூன்றுக்கும் நடுவில் வகுப்பு நடத்த வேண்டியவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். 1987 ஐப்பசியில் இந்திய இராணுவம் வளாகத்துக்குள்ளேயே கெலியில் இறங்கிச் சண்டைபிடித்தது. 1988இல் அவர் பதவியை விட்டார். 1989 தையில் காலமானார்.

மூன்றாமவர் பேராசிரியர் அ. துரைராஜா. கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் கலாநிதிப் பட்டம். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி அவர் எழுதின கட்டுரையை இன்றைக்கும் உலகத்துப் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். வெளிநாட்டில் எங்கே கேட்டாலும் கதிரை கொடுத்திருப்பார்கள். அவர் 1988இல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராக வந்தார்.

1990 ஆனிக்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். பலாலி றோட்டில் அவர் சைக்கிளில் போவதை நானே கண்டிருக்கிறேன். முதல் தரம் கண்டபோது மரியாதைக்கு நான் சைக்கிளால் இறங்கினேன், அவர் தலையை ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். துணைவேந்தரே சைக்கிளில் வருகிறார் என்றால் எந்த விரிவுரையாளர் பெற்றோல் இல்லை என்று வகுப்புக்கு வராமல் இருப்பார்? சோதனையைப் பிற்போடச் சொல்ல எந்த மாணவனுக்கு வாய் வரும்? 1990இல் கிளிநொச்சியில் விவசாயபீடமும் தொடங்கியது. கிளிநொச்சியில் பொறியியல்பீடம் வந்தபோது அவர் இறந்து ஏறக்குறைய 20 வருசம். 1994 ஆனியில் அவர் காலமானார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதியதெல்லாம் பொய். 1989 புரட்டாதி 21ஆம் திகதி உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம, மருத்துவபீடத்தில் இருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். "முறிந்த பனை"யை எழுதிய நால்வரில் ஒருவர். எல்லாத் துப்பாக்கிகளையும் பற்றி எழுதினவர். அவரைச் சுட்டது ஆர் என்று ஊருக்குள் குசுகுசுத்தோமே தவிர வெளியில் கதைக்கவில்லை. நானும்தான். என் பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவி "சேர், ஏன் அவவைச் சுட்டவை?" என்று கேட்டாள். "பாடத்தைப் பார்" என்றேன். எவ்வளவு நல்ல துணைவேந்தர் இருந்தாலும், வெளியில் இருக்கிற எங்களுக்கு வாய் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்குச் சுவர் இல்லை.

இனி நிதியக் கதைக்கு வருகிறேன். வித்தியானந்தனையும் துரைராஜாவையும் நாங்கள் எல்லாரும் ஏற்கிறோம், ஏனென்றால் அவர்கள் எங்களோடு நின்றவர்கள். கைலாசபதி எங்களுக்குப் பிடிக்காத நேரத்தில், பிடிக்காதவர்களின் கையால் வாங்கி, ஒன்றைக் கட்டியவர். அவர் வாங்கியிருக்காவிட்டால் மற்ற இரண்டு பேரும் எதற்குத் துணைவேந்தராவது? கறுப்புக்கொடி கட்டின நான் படித்ததும் அங்கேதான், கோபித்து எழும்பின நண்பர் படித்ததும் அங்கேதான். அங்கே கலையரங்கத்துக்குக் கைலாசபதியின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை, எங்களுக்குத்தான் பிரச்சினை.

அடுத்த மாதம் திரும்பக் கூடுகிறோம். இந்த முறை வாயைத் திறப்பேன். மூன்று பெயரையும் போடுவம், அல்லது ஒரு பெயரும் வேண்டாம், பிள்ளையளுக்குக் காசு போனால் காணும் என்று சொல்லப்போகிறேன். நண்பர் தன்னுடைய காசைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பங்கை நான் போடுகிறேன். 1974இல் கட்டின கொடிக்கு அது கடன்.