பெட்ரோல் நிலையங்களில் மின்கம்பி அமைப்பு: வரலாறு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் சிறு மின்பொறியே வெடிப்புக்குப் போதும். கையால் இயக்கிய பழைய பம்புகளில் இக்கவலை குறைவு. மோட்டார் வந்தபோதுதான் மின்சாரம் ஆவிக்கு அருகே வந்தது.

தீர்வு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் பைலிங் தீக்காப்புப் பெட்டிகளைச் சோதித்தார். இப்பெட்டி ஆவியை உள்ளே விடாமல் தடுப்பதில்லை (பலர் அப்படித்தான் எண்ணுகின்றனர்). உள்ளே வெடித்தாலும் தாங்கிக்கொண்டு, வெளியேறும் சூடான வாயுவை மூடியின் குறுகிய இடுக்கிலேயே குளிர்வித்துவிடும்.

இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் விதிகளும் இதை நெறிப்படுத்துகின்றன. அபாயப் பகுதிகள் மண்டலம் 0, 1, 2 எனப் பிரிக்கப்படும். செங்கம் வழியே செல்லும் நெடுஞ்சாலை பங்க்குகளுக்கும் இதே விதிகள்தான். கேபிள் நுழையும் துளையில் உரிய கிளாண்ட் இறுக்கப்பட வேண்டும்; பயன்படாத துளையையும் அடைக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் தீ அவ்வழியே வெளியேறிவிடும்.