பழைய வேட்டிதான் ஏன்?

மகள் பிறந்தப்போ இடுப்புத்துணிக்காக வாலாஜாபாத் கடைத்தெருவில் புதுக் காடாத் துணி வாங்கி வந்தேன். தண்ணீர் தெளிச்சா முத்துமுத்தா உருண்டது. அம்மா சிரிச்சுட்டு அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சாங்க.

காரணம் தேடினேன். பருத்தி இழையில் இயற்கையாகவே மெழுகு உண்டு. நெசவாளர் பாவுக்குக் கஞ்சியும் போடுவார். பலமுறை வெளுத்த பிறகே இரண்டும் போய் ஈரம் உறிஞ்சும். பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பட்டோ சோடாவும் கொதிநீரும் தாங்காது. நவாப் வாலாஜா பெயர் தாங்கிய இந்த வட்டாரத்தில் கம்பெனி கப்பலேற்றியது புதுத்துணி. தொட்டிலுக்குப் போனது பழசு!

1941இல் பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் காப்புரிமை கேட்ட பாலியஸ்டர், டெரிகாட்டனாய் நம் வேட்டிக்குள்ளும் வந்தது. அந்த இழை ஈரத்தை இழுக்காது. வேட்டி பழசானாலும் பயனில்லை.

என் காடாவை சோடா போட்டு நாலு தரம் கொதிக்கவெச்சேன். அப்புறம்தான் சொட்டு உள்ளே இறங்கிச்சு.