பவர்டேபிளும் மின்வெட்டும்

திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்த கதையில் பருத்தி வருகிறது, ரயில் வருகிறது, காட்டை விட்டு ஊருக்கு வந்த உழவர்களின் உழைப்பு வருகிறது. மின்சாரம் மட்டும் அது நின்றுபோன ஆண்டுகளில்தான் தலைகாட்டுகிறது. இந்த ஊரில் இத்தனை சிறு முதலாளிகள் முளைக்க முடிந்ததே மின்சாரத்தால்தான் என்பது என் கட்சி. அதை ஒப்புக்கொண்டால், 2008 முதல் 2015 வரை நீண்ட மின்வெட்டை எல்லோரையும் ஒரேபோல் வாட்டிய பஞ்சமாகப் பார்க்க முடியாது.

1888இல் கோவையில் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லின் காலம் நீராவிக் காலம். கொதிகலன் வைக்கவும் நிலக்கரி கொண்டுவரவும் பெருமுதல் வேண்டும். அது இருந்தவரே மில் வைத்தார். 1920களில் திருப்பூருக்கு வந்த பின்னல் எந்திரங்களோ கையால் சுற்றப்பட்டவை. 1932இல் பைக்காராவிலிருந்தும் 1937இல் மேட்டூரிலிருந்தும் புனல் மின்சாரம் கொங்கு நாட்டுக்குள் பாயத் தொடங்கியதும் கணக்கு மாறியது. நீராவியைச் சில்லறையில் வாங்க முடியாது. மின்சாரத்தை ஒரு மோட்டார் அளவுக்கு வாங்கலாம். அதன் அச்சான உருவம் பவர்டேபிள்: நீண்ட மேசை, அதன் அடியில் ஓடும் ஒரே ஷாஃப்ட், அதைச் சுழற்றும் ஒரு மோட்டார், மேலே வரிசையாகப் பெல்ட் மாட்டிய தையல் எந்திரங்கள். ஓட்டுக்கூரைக் கொட்டகையும் ஒரு மின் இணைப்பும் இருந்தால் ஒருவர் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் எடுக்கலாம். உறவும் சாதிக்கட்டும்தான் இந்தச் சிறு முதலாளிகளைத் தூக்கிவிட்டன, மோட்டார் அல்ல என்று ஆய்வாளர்கள் சொல்லக்கூடும். முதல் புரட்டியதற்கு அது சரியான விளக்கம். ஆனால் உறவும் சாதிக்கட்டும் நீராவிக் காலத்திலும் இருந்தன. அப்போது இந்தக் கொட்டகைகள் இல்லை.

சின்ன இணைப்புக்குப் பழுதும் சின்னதாக இருப்பதில்லை. மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் நிற்காமல் உறுமிக்கொண்டே சூடேறும்; ஆள் கவனிப்பதற்குள் காயில் எரிந்திருக்கும். வோல்டேஜ் குறைந்தாலும் அதே கதைதான்: சுமை மாறாததால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். எலக்ட்ரீசியன் வந்ததும் முதலில் பக்கத்துக் கொட்டகையில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்பார். அங்கும் இல்லையென்றால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். இருந்தால் பீஸ் கேரியர், சுவிட்ச், கடைசியாக மோட்டார். வட்டப் பின்னல் எந்திரம் ஓட்டத்தில் நின்று மறுபடி கிளம்பினால் துணியில் கோடு விழுவதுண்டு. சாயம் ஏறும்போது சாஃப்ட்ஃப்ளோ சாய எந்திரம் நின்றால் ஷேடு திட்டுத்திட்டாகிவிடும். செக்கிங்கில் கழித்த துணியின் நஷ்டம் பெரும்பாலும் ஜாப் ஒர்க்காரர் தலையில்தான்.

2008 நவம்பர் முதல் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. பின்னர் கூடிக்குறைந்து, 2015இல்தான் கட்டுப்பாடு விலகியது. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. கொங்கு மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் போன நாட்கள் உண்டு. ஏற்றுமதி நிறுவனம் ஜெனரேட்டரைப் போட்டு ஓட்டியது. டீசல் மின்சாரம் யூனிட்டுக்கு மின்வாரியக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் கப்பல் தேதி தவறினால் வரும் நஷ்டத்தைவிட அது குறைவு. பெரியவர்களுக்குக் காற்றாலையும் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலை, பூளவாடி பக்கம் நட்ட காற்றாடிகளின் மின்சாரத்தைச் சொந்த ஆலைக் கணக்கில் கழித்துக்கொள்வது, நடைமுறையில், உயர் அழுத்த இணைப்புக்காரர்களுக்கே சாத்தியம். காற்றாடியின் காலடியில் தறி ஓட்டியவர் இருட்டில் உட்கார்ந்தார். ஐந்து மோட்டார் வைத்திருந்தவர் என்ன செய்வார்? கரண்ட் வரும்போது ஆளைக் கூப்பிட்டார். வராத நேரத்துக்கும் கூலி பேசவேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளின் சரிவுக்கு மின்வெட்டு காரணமே அல்ல என்ற மறுப்பும் உண்டு. உலகப் பொருளாதார மந்தம், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது, நூல் விலையேற்றம் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை பெரியவரையும் சிறியவரையும் சேர்த்தே தாக்கின. இரண்டு பேருக்கும் நடுவே கோடு கிழித்தது ஜெனரேட்டர். ஒப்புக்கொண்ட நேரத்தில் சரக்குத் தருவேன் என்று சொல்லும் தகுதியே டீசல் டேங்க்கைப் பொறுத்ததாயிற்று.

மின்சாரத்துக்காகப் போராடத் தெரியாத மண்ணும் அல்ல இது. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் கிளம்பியபோது, திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். உழவுக்கு இலவச மின்சாரம் வந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. விசைத்தறிக்கு 2006இல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசமானது. பவர்டேபிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஜாப் ஒர்க்காரருக்குத் தன்னை முதலாளி என்று சொல்லிக்கொள்வதில் பெருமை. சலுகை கேட்டு நிற்க அந்தப் பெருமை இடம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்து நிலைக்கட்டணமும் ஏறிய பிறகுதான், 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுக்கச் சிறுதொழில்கள் கதவடைத்தன. நிலைக்கட்டணம் அனுமதித்த கிலோவாட்டுக்கு வருவது. ஆர்டர் இல்லாமல் மோட்டார் ஓடாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும்.