சனிக்கிழமை யாருடையது? கால்பந்து, தறி, காணாமல்போன ஒரு சாம்பியன்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி, முதல் பாதியில் பின்தங்கியிருந்து, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. அதோடு ஐ-லீக் பட்டமும் வந்தது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். இரண்டாமிடம் ஈஸ்ட் பெங்காலுக்கு, 42. ஐ-லீக்கையோ அதற்கு முன்பிருந்த தேசிய லீக்கையோ தமிழ்நாட்டு அணியொன்று வென்றது அதுவே முதல்முறை. நான் படித்த சிறுபத்திரிகைகள் எதிலும் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. விளையாட்டு என்றால் நமக்கு என்னமோ அது பத்திரிகைக் கடைசிப் பக்கத்துச் சமாச்சாரம். வெகுசனப் பண்பாடு பற்றி இத்தனை பேசிய நாம் சினிமாவைத் தாண்டி அதிகம் போகவில்லை.

இரண்டே ஆண்டுகள். 2021 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. கோவையிலோ, கோவையைச் சுற்றியுள்ள இந்தத் துணி வட்டாரத்திலோ அதற்காக யாரும் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை. உரிமம், பணம், சங்கத் தகராறு என்று காரணம் சொல்லலாம்தான். என் கேள்வி வேறு. ஒரு அணி ஒரு ஊரின் அணியாவது எப்போது? ஒருவன் பதினொரு பேரின் தோல்வியைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டு இரவு சாப்பிடாமல் படுப்பதற்கு வரலாற்றில் என்னென்ன நடந்திருக்க வேண்டும்?

கால்பந்து விசுவாசம் ஏதோ ஆதி உணர்ச்சி, குலதெய்வ வழிபாடு மாதிரி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1850ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே சனிக்கிழமை மதியம் மெல்ல மெல்ல எல்லோருக்கும் ஓய்வானது. அந்த அரைநாளுக்குள்தான் கால்பந்து நுழைந்தது. 1888இல் தொடங்கிய இங்கிலாந்து லீக்கின் 12 அணிகளில் 6 அணிகள் லங்காஷயரைச் சேர்ந்தவை. பிளாக்பர்ன், போல்ட்டன், பர்ன்லி, பிரெஸ்டன், அக்ரிங்டன் எல்லாம் பஞ்சும் நூலும் தறியுமான ஊர்கள். சட்டம் தானமாக வந்ததல்ல. வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லி ஆலைத் தொழிலாளர் பல பத்தாண்டுகள் போராடியதன் மிச்சம் அது. ஆக, கால்பந்து ரசிகன் பிறப்பதற்கு முன் சனிக்கிழமை மதியம் பிறக்க வேண்டியிருந்தது.

இப்போது வெள்ளகோவிலுக்கு வருவோம். எங்கள் ஊரில் விசைத்தறி இருக்கிறது, எண்ணெய் மில் இருக்கிறது, முருங்கைக்காய்ச் சந்தை இருக்கிறது. வடமேற்கே திருப்பூரில் பனியன் கம்பெனிகள். இந்த வட்டாரத்தில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். வாரம் முழுக்க ஓடிய கணக்கு அன்று சாயந்திரம்தான் தீரும். முன்பணம் கழித்து, கடைப்பாக்கி கழித்து, மிச்சம் கைக்கு வரும் நாள் அது. திருப்பூரின் புகழ்பெற்ற 'ஒன்றரை ஷிப்டு' நமக்குத் தெரியும்: எட்டு மணி நேரத்தோடு இன்னொரு நான்கு மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் என்ற கோரிக்கையிலிருந்து பிறந்தது மே தினம். அதை 1923இல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடினார். இங்கே அந்த எட்டு மணி நேரம் வேலையின் வரம்பாக இல்லாமல், கூலியை அளக்கும் படியாக மாறிப்போனது. 1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எவ்வளவு பெரிய போராட்டம்! ஆனால் அதற்குப் பிறகு வேலை சின்னச் சின்னப் பட்டறைகளாகவும் ஜாப் ஒர்க்காகவும் பீஸ் ரேட்டாகவும் சிதறிக்கொண்டே போனது. பீஸ் ரேட்டில் ஓய்வு என்பது தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்வது. சங்கங்கள் கூலியைப் பேசின, போனஸைப் பேசின. வாரத்தில் ஒரு மதியத்தை யாராவது கேட்டார்களா?

அந்த மார்ச் சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வெள்ளகோவில் தறிக்காரர் ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும்? மதியமே தறியை நிறுத்திவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். காங்கயம், பல்லடம் வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். ஆட்டம் முடிந்து திரும்பும்போது நடுநிசி. அரைநாள் கூலி போச்சு, சம்பளம் வாங்கப் போகவேண்டிய நேரமும் போச்சு. ரசிகனாவதற்கு இதுதான் கட்டணம். டிக்கெட் விலை அப்புறம்தான்.

தமிழில் 'ரசிகன்' என்ற சொல்லையே சினிமா எடுத்துக்கொண்டதற்கும் இந்த நேரக்கணக்கோடு தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். சினிமா தொழிலாளியின் நேரத்துக்கு இறங்கி வந்தது. டூரிங் டாக்கீஸ் ஊருக்குள்ளேயே வந்தது. தறி நின்றபின், சோறு தின்றபின் 'இரண்டாம் ஆட்டம்' இருந்தது. எம்.ஜி.ஆர். மன்றங்கள் கட்டப்பட்டது அந்த இரவு நேரத்தின் மேல்தான். 1972இல் அவை ஒரு கட்சிக்கே அடித்தளமாயின. ரசிகர் மன்றத்தைப் போலிப் பிரக்ஞை என்று ஒதுக்கிய நம் தோழர்கள், உழைக்கிறவனுக்கு மிச்சமிருந்த பொழுது எது, அதில் அவனைத் தேடி வந்தது யார் என்று கேட்டிருக்கலாம்.

சரி, நேரம் மட்டும் போதுமா? போதாது. சென்னை சிட்டியின் பெயரையே பாருங்கள். 2017இல் ஐ-லீக்கில் நுழைந்தபோது சொந்த மைதானம் சென்னை. அடுத்த பருவத்திலேயே கோவை. சென்னை நேரு அரங்கில் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி. இருந்தது. ஒரு நேருவிடமிருந்து இன்னொரு நேருவுக்கு வந்த அணி, பெயரை மட்டும் அங்கிருந்தே கொண்டுவந்தது. கோவைக்காரர்கள் அப்படியும் அதை வரவேற்றார்கள். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜையும், அடுத்த ஆண்டு 21 கோல் அடித்த பெத்ரோ மான்ஸியையும் கொண்டாடினார்கள். பட்டம் வென்ற ஓராண்டுக்குள் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2020 மார்ச்சில் ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியில் மாலத்தீவின் மாஸியா அணியோடு 'சொந்த மைதான' ஆட்டம் நடந்தது அகமதாபாதில். பெயரில் சென்னை, இருப்பில் கோவை, சொந்த மண் குஜராத், பங்கில் கொஞ்சம் சுவிஸ். இதில் எந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லி ஒருவன் கத்துவது?

இது ஒரு முதலாளியின் கோளாறு என்று முடித்துவிட முடியாது. 2010இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, வணிக உரிமைகளை ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி. நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தது. 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. 2019இல் அதுவே நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. கோவை வென்ற பட்டம், வென்ற அதே ஆண்டிலேயே இரண்டாந்தரமானது. கீழிருந்து வென்று மேலே போகும் வழி அடைபட்டிருந்தது. பணம் கட்டினால் வழி இருந்தது. அணி என்பது ஊரின் ஞாபகம் என்பது போய், உரிமத்தோடு கைமாறும் சரக்கு என்றானது.

கல்கத்தாவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1889இல் தொடங்கிய மோகன் பகான் 1911 ஜூலை 29இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்ற கதை நமக்குப் பழசு. ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது. 1947க்குப் பின் எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு, இழந்த மண்ணின் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கிடைத்த இடம் அந்தக் கிளப். இதை நான் புனிதப்படுத்தவில்லை. 1980 ஆகஸ்ட் 16இல் இந்த இரு அணிகளின் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் செத்தார்கள். ஆனால் 2020இல் மோகன் பகான் ஒரு நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் 'ஏ.டி.கே.' ஒட்டப்பட்டபோது ரசிகர்கள் விடவில்லை. 2023இல் அந்த மூன்றெழுத்து போயிற்று. 'சூப்பர் ஜயன்ட்' என்று வேறொரு வால் முளைத்தது என்பது வேறு விஷயம். பங்குப் பத்திரம் யாரிடம் இருந்தாலும் பெயர் எங்களுடையது என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது.

வெள்ளகோவிலில் ஒரு தறிப்பட்டறையில் வேலை பார்க்கும் நதியா மாவட்டத்து இளைஞர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஈஸ்ட் பெங்கால் குடும்பம். 2019 பட்டம் ஒரு புள்ளியில் போனது அவருக்கு மனப்பாடம். அதைத் தட்டிக்கொண்டு போனது இங்கிருந்து 90 கிலோமீட்டரில் இருந்த அணி என்பதும் தெரியும். அதே பட்டறையின் உள்ளூர்க்காரர்கள் அந்த அணியின் பெயரையே கேட்டதில்லை. "உங்க ஊர் டீம்தானே அண்ணா, எங்கே போச்சு?" என்று கொச்சைத் தமிழில் கேட்டார். வந்தேறிகள் என்று நாம் முணுமுணுக்கிற ஆட்களிடம் நம் ஊரின் வரலாறு பத்திரமாக இருக்கிறது.

சாம்பியன் அணி மறைந்துபோவது கால்பந்தில் புதிதல்ல. 1883இல் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் கலந்து ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக், சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பழைய ஈட்டனியர் அணியை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் துணி ஊருக்குக் கொண்டுவந்தது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது 1885இல் சட்டபூர்வமானதும் பணப் போட்டியில் அதனால் நிற்க முடியவில்லை. 1889இல் கலைந்தது. கோப்பை வென்று ஆறே ஆண்டுகள். ஆனால் அந்த ஊரில் ரோவர்ஸ் என்ற இன்னொரு அணி இருந்தது. சனிக்கிழமை மதியமும் இருந்தது. பிளாக்பர்ன்காரர்கள் அடுத்த சனிக்கிழமை அந்த மைதானத்துக்குப் போனார்கள்.

சென்னை சிட்டியின் கடைசி ஐ-லீக் ஆட்டங்கள் 2021இல் நடந்தன. கொரோனாக் காலம், எல்லா அணிகளையும் வங்காளத்துக்கு அழைத்து, கல்கத்தாவிலும் கல்யாணியிலும் ஆடவைத்தார்கள். கல்யாணி நதியா மாவட்டத்தில் இருக்கிறது. பார்வையாளருக்கு அனுமதி இல்லை.